‘வா’ என்று ஒரு வரி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ, அண்ணி, உன் மகள் நம் வீட்டுச் சின்னது மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் துணி காயப்போட மாடிக்கு ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள், எனக்குத் தெரியாதா? உன் கண்ணில் வெல்டிங் பொறி பட்டது ஆறிவிட்டதா? கண்ணாடியைக் கண்ணுக்குப் போட்டுக்கொள். நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்ள அது கிரீடம் இல்லை.

வந்த நாளாய் விவரமாக ஒரு கடிதம் போடவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக அண்ணி சொன்னார்கள். மாதம் ஒரு முறை தாழ்வாரத்துப் போனில் பேச விடுகிறார்கள். பின்னால் இரண்டு சிஸ்டர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்பார்கள். "சாப்ட்டியா?" என்பாய். "சாப்ட்டேன்" என்பேன். உடனே, "இந்தா, அண்ணிகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவாய். நமக்குக் கடிதம்தான் சரிப்படும்.

மிஷனரியாகப் போகிறேன் என்று பங்கு மக்கள் எல்லாரும் திரண்டு வந்து மாலை போட்டு அனுப்பினார்களே, நான் இங்கே என்ன செய்கிறேன் தெரியுமா? நமக்கு வேதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் ஊரில் இப்போது கோவிலில் ஆள் இல்லை. இது எங்கள் சபையின் தாய்வீடு. ஒரு காலத்தில் சாப்பாட்டு அறையில் இடம் பத்தாமல் இரண்டு பந்தியாகச் சாப்பிட்டார்களாம். இப்போது இருப்பவர்கள் எல்லாரும் வயதான சிஸ்டர்கள். பாதிப் பேருக்குப் பேர் சொன்னால் திரும்பத் தெரியாது. அவர்களைக் குளிப்பாட்டவும் ஊட்டவும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் வலுவுள்ள இடுப்பு வேண்டியிருந்தது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டவருடைய அழைப்பு வந்தது. சிரிக்காதே. நான் சிரித்துவிட்டேன், போதும்.

மத்தியானம் இத்தாலி மொழி வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வருகிறார். குள்ளமான ஆள், ஆளைவிடப் பெரிய கைப்பை. தப்பாகச் சொன்னால் பென்சிலால் மேசையைத் தட்டுவார். இந்த மொழியில் உயிரில்லாத சாமான்களுக்கும் ஆண் பெண் உண்டு. புத்தகம் ஆணாம், நாற்காலி பெண்ணாம், மரணமும் பெண்தானாம். முப்பது வயதைத் தாண்டி உட்கார்ந்து இதையெல்லாம் மனப்பாடம் செய்கிறேன். வேறு வழியில்லை. ஆகஸ்ட் கடைசியில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. இதுவரை வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை கொடுக்கும் வாக்கு சாகும்வரைக்கும். அதை இந்த மொழியில்தான் சொல்லியாக வேண்டும்.

சின்னதுக்கு என் முத்தம். கல்யாண வயது வந்தாயிற்று, முத்தமெல்லாம் வேண்டாம் என்று வெட்கப்பட்டால் அன்பு என்று மாற்றிச் சொல்லிவிடு.

உன் தங்கச்சி


பிப்ரவரி 20

எங்கள் சிஸ்டரம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். நாற்காலி பெண் என்றதும் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப நாம செய்யற இரும்பு கேட்டு ஆணா பொண்ணா, முதலாளி?" என்று கேட்கிறான் ஒருவன். கேட்டு எதுவாக இருந்தாலும் சாயந்தரத்துக்குள் தாழ்ப்பாள் வைத்து முடிடா என்றேன்.

அண்ணி முழங்காலுக்கு ஏதோ தைலம் தேய்க்கிறாள். வீடு முழுக்க அந்த வாசனைதான், என் சோற்றிலும் அதே வாசனை. என் கண் ஆறிவிட்டது. உன் கட்டளைப்படி கண்ணாடி இப்போது கண்ணில்தான் இருக்கிறது.

சின்னதுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நல்ல பக்தியான குடும்பம். பார்ப்போம். நீ வேண்டிக்கொள். உன் வேண்டுதலுக்குப் பலம் அதிகம் என்று அண்ணிகூட ஒத்துக்கொள்கிறாள், அவள் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான்.

கிழவிகளைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. பட்டறையில் பையன்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அன்புடன் அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று அறிந்து நிம்மதி. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகும் நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பட்டறையில் வாசிக்காதே. தனியாக உட்கார்ந்து வாசி.

இங்கே கோடி அறையில் ஒரு சிஸ்டர் இருந்தார். தன் வாழ்நாளில் பெரும்பகுதியை எங்கோ தூர தேசத்தில் மிஷனரியாகக் கழித்துவிட்டு, முடியாத காலத்தில் இங்கே திரும்பி வந்தவர். பெரிய மிஷனரி என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அவரைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. நான் ஊட்டும்போதெல்லாம் ஒரே பேச்சுதான், "வீட்டுக்குப் போகணும்" என்பார். டீச்சரம்மா சொல்லித்தராமல் எனக்குத் தானாகப் புரிந்த முதல் இத்தாலி வாக்கியம் அதுதான். "இதுதானே உங்க வீடு" என்று நானும் தெரிந்த அரைகுறையில் சொல்வேன். பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

போன வாரம் ஒரு நாள் காலையில் இறந்துபோனார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். ஜெபம் சொல்ல வேண்டியவள் நான்தான். இத்தாலியில் மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். சொல்லும்போது உள்ளே ஒன்றுமே இல்லை, அண்ணா. சலவைக்குப் போட்ட துணிகளை எண்ணிச் சொல்வதுபோல் சொன்னேன். மொழி புதிது, அதனால்தான் ஒட்டவில்லை என்று நினைத்து, அதே ஜெபத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழிலும் ஒன்றும் இல்லை. யாரோ கேட்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

இது இன்று நேற்று வந்ததில்லை. இங்கே வருவதற்கு முன்பே இருந்தது. புது ஊருக்குப் போனால் சரியாகும் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். இது ஆன்ம வறட்சி, பெரிய பெரிய புனிதர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது என்றார். நான் புனிதை இல்லையே, எனக்கு எதற்கு வரவேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுக்க என்னால் முடியாது. கொடுத்தால் வாயால் மட்டும் கொடுப்பேன். சாகும்வரை அந்தப் பொய்க்குள் இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது என்றால் சுலபம். வருஷக் கணக்கு முடிந்தது, புதுப்பிக்கவில்லை என்று சொல்லி வந்துவிடலாம். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற பெண்ணைத் தெருவில் விடமாட்டார்கள். ‘எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று வீட்டார் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மடத்துத் தலைவி மதர் அனுப்புவார். ஒரு வரி போதும்.

நான் வீட்டுக்கு வரலாமா, அண்ணா? மாடியில் அந்தச் சின்ன அறை போதும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும், ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொள்வேன். அண்ணியை மாடி ஏறவிடமாட்டேன். அப்பா அம்மா போன பிறகு எனக்குக் கேட்க வேறு இடம் இல்லை.

அண்ணிக்கும் சின்னதுக்கும் அன்பு. சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி


மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கம்பி வேலை மொத்தமாக வந்தது. மூச்சுவிட நேரமில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. அங்கே குளிரா? உள்சட்டை போட்டுக்கொள்.

நல்ல சேதி. சின்னதுக்கு அந்த மருந்துக்கடைப் பையனையே பேசி முடித்துவிட்டோம். அக்டோபரில் கல்யாணம். பையனோட அம்மா உன் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "அத்தை வெளிநாட்டுல மிஷனரி சிஸ்டரா இருக்காங்க. இதுக்கு மேல இந்தக் குடும்பத்தப் பத்தி என்ன விசாரிக்கணும்?" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணிகூட அழுதாள்.

மாப்பிள்ளை பொண்ணு வந்து போனால் தங்குவதற்கு மாடி அறையைச் சரிபண்ணுகிறேன். உள்ளேயே குளியலறை வைத்து, கட்டில் நானே செய்து கொண்டிருக்கிறேன். கொத்தனார் இழுத்தடிக்கிறார். இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்கிறார், சாமியார் சொல்லும் மோட்சம்கூட அதற்கு முன்னால் வந்துவிடும் போலிருக்கிறது.

இத்தாலி எப்படிப் போகிறது? கிழவிகளை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சின்னதுக்குக் கல்யாணம் நிச்சயமானது பெரிய சந்தோஷம். மனசார வாழ்த்துகிறேன். உன் உடம்பும் அண்ணியின் முழங்காலும் நலம்தானே? நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நான்கு தரம் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதி நான்தான் கவனிக்கவில்லையோ என்று உறையைக் கிழித்து உள்ளேயும் பார்த்தேன். என் மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு தாள் வராமல் போய்விட்டதா? போயிருந்தால் இதோ மறுபடி எழுதுகிறேன். நான் வார்த்தைப்பாடு கொடுக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வர விரும்புகிறேன். வரலாமா?

தாள் வந்து சேர்ந்திருந்தால், ‘வராதே’ என்றாவது எழுது. உன்மேல் கோபப்பட மாட்டேன். பதில் இல்லாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. போனில் கேட்கலாம் என்றால், பின்னால் முறைக்கு நிற்கும் சிஸ்டர்களுக்கும் தமிழ் தெரியும். காலையில் தபால் வரும் நேரத்துக்கு ஏதாவது சாக்கு வைத்து வாசல் பக்கம் துடைக்கப் போகிறேன். அந்தத் தரை மாதிரி இந்த மடத்தில் வேறு தரை பளபளப்பது கிடையாது.

சின்னதின் கல்யாணம் முடியும்வரை நான் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றால் அதையும் சொல். பக்கத்து ஊரில் ஏதாவது விடுதியில் இருக்கிறேன். ஆனால் அதற்கும் ‘வா’ என்று ஒருத்தர் எழுதித்தான் ஆக வேண்டும். படிப்பு முடிந்த கையோடு மடத்துக்குள் போனவள் நான். அதற்குப் பிறகு ஒரு பஸ் டிக்கெட்கூட நானாக எடுத்ததில்லை.

டீச்சரம்மா இப்போது புதிதாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலியில் சொல்ல வேண்டும். உன் கொத்தனார் கதையைச் சொன்னேன், சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உன் அண்ணன் நல்ல வேடிக்கையான மனிதர் என்றார். ஆமாம் என்றேன்.

பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் தங்கச்சி


ஜூன் 22

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பங்குச்சாமியாரைப் பார்த்தேன். உன் வார்த்தைப்பாட்டு நாளில் இங்கே கோவிலிலும் விசேஷப் பூசை வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். கோவில் வாசலில் உன் படம் போட்டுப் பெரிய பேனர் வைக்கப்போகிறோம். சம்பந்தி வீட்டார் மொத்தமாக வருகிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் தன்னால் நடக்கிறது.

சின்ன வயதில் பரீட்சைக்கு முந்தின நாள் உனக்கு வயிறு வலிக்கும். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுவாய். அப்புறம் போய் நீதான் முதலில் எழுதி முடித்துவிட்டு வருவாய். எனக்கு ஏனோ அந்த ஞாபகம் வந்தது.

அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூலை 6

அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தாய். சரி. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

உன் ஜூன் கடிதம் வந்த அன்று மத்தியானம் வகுப்பு. டீச்சரம்மா வழக்கம்போல, "அண்ணன் என்ன எழுதியிருக்கார், சொல்லு" என்றார். கடிதத்தைப் பிரித்துக் கையில் பிடித்தேன். பேனர் என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. உன் எழுத்தையே பார்த்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். ‘என் அன்புத் தங்கச்சி, நீ அங்கே கஷ்டப்படுவது எனக்குத் தெரிகிறது. உனக்கு மனசில்லாத வாக்கைக் கொடுக்காதே. இது உன் வீடு. வந்துவிடு. நானே விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.’ ஒரு தப்பு வரவில்லை, அண்ணா. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக டீச்சரம்மா பென்சிலைத் தட்டவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்தக் கொஞ்ச நேரம் நீ நிஜமாகவே அப்படி எழுதியிருந்தாய்.

அவர் நேராக மதரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். மறுநாள் காலை மதர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். எதிரில் உட்காரச் சொன்னார். "உன் அண்ணன் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இப்படி ஒரு அண்ணன் எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். மனசில்லாத வார்த்தைப்பாடு எனக்கும் வேண்டாம், ஆண்டவருக்கும் வேண்டாம். நீ போகலாம்" என்றார். கடிதம் தமிழில் இருந்தாலும் பரவாயில்லையாம். அனுப்பச் சொல்லி, மதர் பேருக்கு ஒரு வரி எழுதி, நீ கையெழுத்துப் போட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதவு திறந்திருக்கும்போது நானே போய் எப்படிச் சாத்துவேன்?

நீ எழுதாததை எழுதியதாகச் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. ஒரு தாளில் ஒரு வரி எழுது. இந்தக் கடிதத்தைப் பட்டறைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்புகிறேன், வழியில் தொலையக்கூடாது என்பதற்காக.

உன் தங்கச்சி


ஜூலை 27

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுகமாக இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

தபால்காரர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். உன் அண்ணன் பேருக்கு வந்ததை நான் பிரிப்பதில்லை. அன்றைக்கு ஏனோ பிரித்தேன். சாயந்தரம் அவர் வந்ததும், "இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன். முதலில் என்ன கடிதம் என்றார். அப்புறம் பட்டறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தார். எல்லாவற்றையும் வாசித்தேன். மாதக்கணக்காக இந்த மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, "தங்கச்சி நல்லா இருக்கா, உன்னைக் கேட்டா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, அவ கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லக் கூடாதா?" என்றேன். "வான்னு எழுதினா இங்க கல்யாணம் நிக்கும். வராதேன்னு என் கையால எப்படி எழுதுவேன்? நாளாச்சுன்னா அவளே சரியாயிடுவா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். பயந்தாங்கொள்ளி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் யோசித்தேன். சம்பந்தியம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நீ இந்த நேரம் உடுப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றால், ஏன் வந்தாள், என்ன செய்தாள், யாரோடு என்று பேசுவார்கள். என் மகளுக்கு இது நின்றால் அடுத்தது அமையுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. விடுதி என்று நீ எழுதியிருந்தாய். அதையும் யோசித்தேன். நம் ஊரில் எதை மறைக்க முடிந்திருக்கிறது?

நான் பெற்றவள். அவள் பக்கம்தான் என் கை போகிறது. வராதே, கண்ணு. இதை நானே எழுதுகிறேன். உன் அண்ணன் எழுதமாட்டார்.

என்னை நீ சபித்தாலும் சரிதான். உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்களைச் சபிப்பதாவது? கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். வாசித்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் கடிதம் வந்ததைத் தபால் மேசையில் மதரே பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "வந்துவிட்டதா? இதுதானே?" என்று கேட்டார். முகம் எல்லாம் சிரிப்பு. உங்கள் கடிதத்தை நீட்டினேன். தாளைக் கையில் வாங்கி, எழுத்துகளை அழகு பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தார். "எந்த வரியில் ‘வா’ என்று எழுதியிருக்கிறார்கள்? காட்டு" என்றார்.

அண்ணி, நான் எந்த வரியைக் காட்டியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். ‘வராதே, கண்ணு’ என்ற வரிமேலேயே விரலை வைத்து, இதுதான் என்று சொல்லியிருக்கலாம். சாயந்தரத்துக்குள் டிக்கெட் போடச் சொல்லியிருப்பார். விரலை வைக்கவும் வைத்தேன். அப்புறம் விமானம் இறங்கின பிறகு என்ன என்று யோசித்தேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். மற்ற எல்லாரையும் கூட்டிப்போக ஆள் வந்திருக்கிறது. அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் நடப்பேன் என்றே தெரியவில்லை.

"இல்லை மதர், இதில் அப்படி எழுதவில்லை. முன்னாலும் எழுதவில்லை. நானாகச் சொன்னது" என்றேன். அழாமல், தப்பில்லாமல் இத்தாலியில் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கோபமே இல்லை. "அப்படியென்றால் ஆண்டவர் வழி காட்டிவிட்டார், மகளே. இங்கேயே இரு. இதுதான் உன் வீடு" என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். எனக்கு அந்த நிமிஷம் மூச்சு நின்றால் நல்லது என்று தோன்றியது. நிற்கவில்லை. மணியடித்தது, ஊட்டப் போனேன்.

சின்னதிடம் எதையும் சொல்லாதீர்கள். அவள் சந்தோஷமாகக் கல்யாணம் செய்துகொள்ளட்டும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

என்னுடைய நித்திய வார்த்தைப்பாடு நேற்று நல்லபடியாக நடந்தது. சொல்ல வேண்டியதை இத்தாலியில் தடங்கலில்லாமல் சொன்னேன். டீச்சரம்மா வந்திருந்தார். உச்சரிப்பு ரொம்பச் சுத்தமாக இருந்தது என்று பாராட்டினார். மதர் ஒரு மோதிரம் போட்டார். படம் அனுப்புகிறேன், பேனருக்கு நேரமாகிவிட்டது என்றாலும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வீட்டுக்கு வருவதற்கான விடுமுறை ஐந்து வருஷம் கழித்து.

அண்ணிக்கும் சின்னதுக்கும் அன்பு.

தங்கச்சி


செப்டம்பர் 25

எங்கள் குலத்துக்கே பெருமை தேடித்தந்த சிஸ்டரம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது,

ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் மிகவும் சௌக்கியம். உன் கடிதமும் படமும் கிடைத்தன. சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படத்தில் கொஞ்சம் மெலிந்து தெரிகிறாய். வெளிச்சம் அப்படியோ என்னவோ.

இங்கே அன்றைக்குக் கோவில் கொள்ளாத கூட்டம். பங்குச்சாமியார் பிரசங்கம் முழுக்க உன்னைப் பற்றித்தான். கஷ்டம் எவ்வளவு வந்தாலும் கலப்பையில் வைத்த கையை எடுக்காதவள் என்றார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சம்பந்தியம்மா உன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணிக்குத்தான் அன்று முழங்கால் வலி அதிகம், கோவிலுக்கு வரவில்லை. இப்போது கொஞ்ச நாளாக அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. கல்யாண வேலைக் களைப்பு.

கல்யாண ஏற்பாடெல்லாம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கொத்தனார்கூட ஒருவழியாக முடித்துக் கொடுத்துவிட்டார்.

போன கடிதங்களில் நீ ஏதேதோ கேட்டிருந்தாய். வேலை நெருக்கடியில் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் எழுத முடியாமல் போனது. அண்ணிக்கு அதில் என்மேல் மனத்தாங்கல். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போது மனசு நிம்மதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ, உனக்கு எப்போது வரவேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது வா. நானே வந்து நின்று கூட்டிவருவேன். நீ பிறந்து வளர்ந்த வீடு இது. வரலாமா என்று நீ என்னிடம் கேட்கவும் வேண்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். தினமும் எங்களுக்காக வேண்டிக்கொள்.

என்றும் உன் அன்பு அண்ணன்